ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுக்கும் பந்து

கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது கை தவறி ஒரு நாணயம் விழுகிறது. விழுந்த இடத்திலேயே கிடந்தால் கதை இல்லை. அது விளிம்பில் நின்று உருளத் தொடங்குகிறது. போகிற இடம் தெரிந்ததுபோல் முதலில் நேராகத்தான் போகிறது. நாலடி போனதும் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்குகிறது. வேகம் குறையக் குறைய வளைவு இறுகுகிறது. கடைசியில் சின்ன வட்டம் போட்டுப் படுத்துவிடுகிறது. நாம் அது கிளம்பிய திசையிலேயே குனிந்து தேடிக்கொண்டிருப்போம். அது பக்கவாட்டில், பெஞ்சுக் காலுக்கு அடியில் கிடக்கும்.

நேராகக் கிளம்பிய நாணயம் ஏன் வளைந்தது? தரை சாய்வா, காற்றா, கை கோணலா? எல்லோருக்கும் நடப்பது என்பதால் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த வளைவை மட்டுமே நம்பி ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் பந்தைக் குறியை நோக்கி விட்டால் குறி தவறும். குறிக்கு விலக்கி விட்டால்தான் குறியை அடையும்.

ஆறும் குளமும்

இந்தக் கணக்கு விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரில் இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. இங்கே சுந்தரருக்குச் சிவபெருமான் 12,000 பொற்காசு தந்தாராம். அத்தனை பொன்னைத் தூக்கிக்கொண்டு திருவாரூருக்கு எப்படிப் போவது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று சொன்னாராம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் இன்று ஏளனமாகச் சொல்வது, அந்தக் கதையில் நடந்தே முடிந்த வேலை.

நான் இந்த அத்தியாயத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் விருத்தாசலத்தில்தான். ஊர் இன்று பீங்கான் ஊர். நெய்வேலி பக்கத்தில் இருக்கிறது. நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வருகிற மண்ணில் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் உண்டு. செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்க அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மின்சாரப் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு எல்லாம் இங்கிருந்து போகின்றன. இந்த ஊரில் ஒரு பட்டறைக்குள் போய், களிமண்ணில் ஒரு பந்து பிடித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அது என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு பெண்கள்

விளையாட்டின் பெயர் லான் பவுல்ஸ். 2022 ஆகஸ்ட் 2 வரை இந்தப் பெயரை இந்தியாவில் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர். அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பெண்கள் நால்வர் பிரிவின் இறுதியாட்டம். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17–10 என்று வென்றார்கள். அதற்கு முன் அரையிறுதியில் நியூசிலாந்தை 16–13 என்று தோற்கடித்திருந்தார்கள். இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது, முதலே தங்கம். சில நாளில் ஆண்கள் நால்வர் அணி வெள்ளி வாங்கியது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பதக்கம் இல்லை. அந்த நால்வரும் சிறு வயது முதல் இதையே ஆடி வளர்ந்தவர்கள் அல்லர். லவ்லி சௌபே தடகளத்திலிருந்து வந்தவர், ரூபா ராணி கபடியிலிருந்து, நயன்மோனி பளுதூக்குதலிலிருந்து, பிங்கி கிரிக்கெட்டிலிருந்து. நால்வரும் அன்று முப்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் காவல்துறை, ஒருவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் என்று வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். நாட்டில் இதற்கான தரைகளை விரல் விட்டு எண்ணலாம்: ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும், குவாஹாட்டியில் சரூசஜாய், டெல்லி, கொல்கத்தா.

வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டு தங்கம் வாங்க முடிகிற விளையாட்டு எப்படிப்பட்டது? கை வலிமையோ கால் வேகமோ இதில் முக்கியமில்லை. ஓர் உருண்டை எப்படி ஓடி எப்படி நிற்கும் என்பதைக் கைக்குள் பதியவைக்கும் கல்வி இது. பௌதிகத்தைக் கைவழியாகப் படிப்பது என்றே சொல்வேன்.

ஆட்டம் இவ்வளவுதான்

கோலிக்குண்டில் பேந்தா ஆடத் தெரிந்தவருக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கும். ஒட்ட வெட்டிய சமமான புல்தரை. நீளம் 31 முதல் 40 மீட்டர். அதை நெடுக்குவாட்டில் ஓடுபாதைகளாகப் பிரித்திருப்பார்கள். முதலில் ஒருவர் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் உருண்டை ஒன்றை உருட்டிவிடுவார். பெயர் ஜாக்; எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரியது. நாம் குறி என்றே சொல்வோம். அதன்பின் இரு அணியினரும் மாறி மாறித் தங்கள் பெரிய பந்துகளைக் குறிக்கு அருகில் உருட்ட வேண்டும். நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்து. ஆக ஒரு சுற்றுக்குப் பதினாறு. எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட உங்கள் பந்துகள் எத்தனை உள்ளே இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. பிறகு மறுமுனையிலிருந்து திருப்பி ஆடுவார்கள்.

இவ்வளவுதான் விதி. குழந்தைகூட ஆடலாம். பந்து நேராகப் போனால்.

கோட்டம்

போகாது. பெரிய பந்து உருண்டையாகத் தெரியும். ஆனால் உருண்டை இல்லை. பறங்கிக்காயைப் போல இரு பக்கமும் லேசாக அமுங்கியது. அந்த இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கம் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூடுதலாகப் புடைத்திருக்கும். பந்து ஓட ஓட அந்தப் பக்கமாகவே வளையும்.

இந்தச் சாய்வை ஆங்கிலத்தில் பயாஸ் என்பார்கள். மனிதரின் ஓரவஞ்சனைக்கும் அவர்களிடம் அதே சொல்தான். அந்தப் பொருள் இந்த விளையாட்டின் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழில் எனக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. கோட்டம் என்ற சொல் வளைவையும் குறிக்கும், ஒருபக்கம் சாய்ந்த மனத்தையும் குறிக்கும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் அது இரண்டாம் பொருளில் வருகிறது. பந்தின் சாய்வுக்கு இனி இந்த அத்தியாயத்தில் கோட்டம் என்றே பெயர்.

கோட்டம் எப்படி வந்தது என்பதற்கு ஆங்கிலேயர் ஒரு கதை சொல்வார்கள். 1522-இல் சஃபோக் பிரபு ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய பந்து உடைந்ததாம். உள்ளே ஓடி மாடிப்படிக் கைப்பிடியின் மேலிருந்த மரக்குமிழை அறுத்து வந்து உருட்டினாராம். அறுத்த பக்கம் தட்டையாக இருந்ததால் பந்து வளைந்ததாம். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். மாடிப்படி அறுபட்ட வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்தது என்று மட்டும் கதை சொல்வதில்லை.

அதன்பின் நெடுங்காலம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான லிக்னம் வைட்டே என்ற மரத்தில் பந்து கடைந்தார்கள். மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உருமாறும். இன்றைய கோட்டம் நாளைக்கு இருக்காது. 1918-இல் ஆஸ்திரேலியாவின் ஹென்சல் என்பவர் பந்தைக் கடின ரப்பரில் செய்தார். 1930-களில் பிளாஸ்டிக் வந்தது. இப்போது எல்லாப் பந்துக்கும் குறைந்தபட்சக் கோட்டம் இவ்வளவு என்று விதி இருக்கிறது. மாதிரிப் பந்து ஒன்றை ஓடவிட்டு, அதைவிடக் குறைவாக வளையும் பந்தை ஒதுக்கிவிடுவார்கள். நேராக ஓடுவது இங்கே குற்றம்.

ஈயமும் இல்லை, கோப்பையும் இல்லை

பந்துக்குள் ஒரு பக்கம் ஈயம் வைத்திருப்பார்கள் என்று முதல்முறை பார்க்கிற பலரும் நினைப்பார்கள். பழங்காலத்தில் அப்படியும் செய்தார்கள். இன்றைய பந்து முழுக்க ஒரே பொருள். வடிவத்தால் மட்டுமே அதன் எடைமையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. எவ்வளவு? நான் போட்ட கணக்கில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அடியில் கனம் வைத்து எடைமையத்தைக் கீழே இழுத்திருப்பார்கள். அதே தந்திரம்தான், இங்கே பக்கவாட்டில், மயிரிழை அளவுக்கு.

இன்னொரு ஊகம் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. டீக்கடைக் காகிதக் கோப்பையைத் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். வாய் அகலம், அடி குறுகல், அதனால் வட்டமடிக்கும். பந்தும் ஒருபக்கம் பெருத்தது என்பதால் அப்படித்தான் வளைகிறதா? சோதிப்பது எளிது. கோப்பையை வேகமாக உருட்டினாலும் மெதுவாக உருட்டினாலும் வட்டத்தின் அளவு மாறாது. பந்து அப்படியில்லை. வேகத்தில் ஏறக்குறைய நேராகப் போகிறது, தளர்ந்ததும் சட்டென்று மடங்குகிறது. நாணயமும் அதையேதான் செய்தது. வளைவு வேகத்தைப் பொறுத்து மாறுகிறது என்றால் காரணம் வடிவத்தில் மட்டும் இல்லை, சுழற்சியிலும் இருக்கிறது.

படுத்துச் சுழலும் பம்பரம்

பம்பரம் விட்டிருப்பீர்கள். நன்றாகச் சுழலும்போது அசையாமல் நிற்கும், தூங்குகிறது என்போம். கொஞ்சம் தளர்ந்ததும் தலையாட்டத் தொடங்கும். அந்தத் தலையாட்டலைக் கவனித்தால் ஒரு விசித்திரம் தெரியும். பம்பரம் சாய்ந்திருக்கிறது, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஆனாலும் அது கீழே விழவில்லை. விழ வேண்டிய திசைக்குக் குறுக்கே நகர்ந்து, தலையால் வட்டம் போடுகிறது. சுழற்சி வேகமாக இருக்கும்போது இந்த வட்டம் நிதானமாக இருக்கும். சுழற்சி தளரத் தளர வட்டம் பரபரப்பாகும். சுழலும் பொருளைச் சாய்க்கப் பார்த்தால் அதன் அச்சு சாயாமல் பக்கவாட்டில் திரும்பும். இதை அச்சுப் பெயர்ச்சி என்று அழைப்போம். குருப்பெயர்ச்சியோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.

உருளும் பந்தைப் படுத்துச் சுழலும் பம்பரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சு தரைக்கு இணையாக இடவலமாக இருக்கிறது. எடைமையம் இடப்பக்கம் ஒரு மயிரிழை விலகியிருப்பதால், பந்தை இடப்பக்கம் சாய்க்கப் புவியீர்ப்பு ஓயாமல் இழுக்கிறது. சுழலாத பந்து என்றால் அப்படியே சாய்ந்துவிடும். சுழலும் பந்து சாய்வதற்குப் பதிலாகத் தன் அச்சைத் திருப்பிக்கொள்கிறது. அச்சு திரும்பினால் ஓடும் திசை திரும்பும். வேகமாக உருளும்போது மெதுவாகத் திரும்பும். மெதுவாக உருளும்போது விரைவாகத் திரும்பும். சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிய பிள்ளைகளுக்கு இது கைப்பழக்கம்: வேகத்தில் டயர் நேராக ஓடும், விட்டுவிட்டால் சாய்ந்த பக்கமே சுருண்டு விழும்.

27 மீட்டர், 12 விநாடி

இனி ஒரே ஒரு பந்தைக் கூடவே தொடர்வோம். குறி 27 மீட்டர் தள்ளி இருக்கிறது. பந்து கையைவிட்டு 12 விநாடியில் குறியருகே போய் நிற்கிறது. புல் அதை ஒரே சீராகப் பிடித்து நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மைக்கு இது மிகவும் நெருக்கம்.

கிளம்பும்போது வேகம் விநாடிக்கு 4.5 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். நிதானமாக மிதிக்கிற சைக்கிள். பாதி நேரமான 6 விநாடியில் பாதித் தூரம்தான் போயிருக்கும் என்று மனம் சொல்லும். இல்லை. அதற்குள் முக்கால்வாசி, 20 மீட்டருக்கு மேல் போய்விடும். அப்போது வேகம் பாதி. அடுத்த 3 விநாடியில் போவது 5 மீட்டர். வேகம் கால்வாசி, மனிதர் நடக்கும் வேகம். மீதி இருப்பது 1.7 மீட்டர்தான், ஆனால் கையில் இன்னும் 3 விநாடி இருக்கிறது. அதில் முதல் ஒன்றரை விநாடியில் 1.27 மீட்டர் போகும். கடைசி ஒன்றரை விநாடிக்கு மிஞ்சுவது 42 சென்டிமீட்டர். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் பந்து நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அது இன்னும் ஊர்ந்துகொண்டிருப்பது இதனால்தான்.

இப்போது வளைவு. திரும்பும் விரைவு, வேகத்துக்கு நேர் எதிராக ஏறுகிறது என்று பார்த்தோம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஓர் அழகான விடை வருகிறது. முதல் 20 மீட்டரில் பந்து எவ்வளவு திரும்பியதோ, அதே அளவு அடுத்த 5 மீட்டரில் திரும்பும். அதே அளவு அதற்கடுத்த 1.27 மீட்டரில் மறுபடி திரும்பும். நம் பந்து முதல் 20 மீட்டரில் 8 பாகை திரும்பியது என்று கொண்டால், இரண்டாவது துண்டில் 8 பாகை, மூன்றாவதில் 8 பாகை. 20 மீட்டரில் பரவிக் கிடந்த வளைவு ஒன்றேகால் மீட்டருக்குள் நெருக்கியடிக்கிறது. கண்ணுக்கு அது ஒரு கொக்கி போலத் தெரியும்.

அப்படியானால் எங்கே பார்த்து விடுவது? இந்தப் பந்துக்கு, குறியிலிருந்து பக்கவாட்டில் 2.7 மீட்டர் தள்ளி. பந்து அவ்வளவு தூரம் விலகிப் போகாது. நடுக்கோட்டிலிருந்து அதிகபட்சம் ஒரு மீட்டர்தான் விலகும். அந்த உச்சம் பாதி வழியில் வராது. 17 மீட்டர் தாண்டித்தான் வரும். பிறகு உள்ளே திரும்பும். பாதையின் தோள் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த இடத்தை. அது பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று முன்னால் இருக்கும் என்று பயிற்சியாளர்கள் அனுபவத்தில் சொல்வதும் நம் கணக்கும் ஒத்துப்போகின்றன.

இதைவிட வியப்பான ஒன்று அந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. எந்த இடத்திலும் வளைவின் அளவை நிர்ணயிப்பது இனிப் போக வேண்டிய தூரம் மட்டுமே. நத்தை ஓட்டில் இருப்பதும் இப்படிப்பட்ட சுருள்தான்: பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் தன் வடிவம் மாறாதது. குறி 27 மீட்டரில் இருந்தாலும் 35 மீட்டரில் இருந்தாலும் பாதையின் வடிவம் ஒன்றே. அளவு மட்டும் பெரிது. ஆகவே விடவேண்டிய கோணமும் ஒன்றே! குறி தள்ளிப் போனால் திசையை மாற்றத் தேவையில்லை, விசையை மட்டும் மாற்றினால் போதும். கற்றுக்கொள்பவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசியுங்கள். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் ஊகிக்க வேண்டிய ஆட்டம், பாதையைப் பிடித்த பிறகு ஒன்றை மட்டும் ஊகிக்கும் ஆட்டமாகிவிடுகிறது.

வேகமான தரையில் மெதுவான பந்து

ஆனால் அந்தக் கோணம் ஊருக்கு ஊர் மாறும். காரணம் புல்.

தரையின் வேகத்தை இந்த விளையாட்டில் விநாடியில் சொல்வார்கள்: பந்து கையைவிட்டு 27 மீட்டர் தள்ளி நிற்க எத்தனை விநாடி? பிரிட்டனின் கனத்த புல்லில் 10 முதல் 12 ஆகும். நியூசிலாந்தில் 15-ஐத் தாண்டும். இதில் 15 விநாடித் தரையைத்தான் வேகமான தரை என்பார்கள். புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். நேரம் அதிகம் எடுப்பது எப்படி வேகம்? புல் குறைவாகப் பிடிப்பதால் பந்தை மெதுவாக விட்டாலே போதும். மெதுவாகக் கிளம்பியது நெடுநேரம் ஓடுகிறது. 12 விநாடித் தரையில் 4.5 மீட்டர் வேகம் தேவைப்பட்ட இடத்தில் 15 விநாடித் தரையில் 3.6 போதும்.

மெதுவாக ஓடும் பந்துக்கு என்ன ஆகும்? அதிகம் வளையும். கணக்கில் ஒன்றரை மடங்குக்குமேல். நம் பந்து இப்போது ஒரு மீட்டருக்குப் பதில் ஒன்றரை மீட்டர் விலகிச் சுற்றி வரும், 2.7 மீட்டர் தள்ளிப் பார்த்தவர் 4.2 மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டும். கை, பந்து, தூரம் எதுவும் மாறவில்லை. காலையில் பனி ஈரம் இருந்த புல் பத்து மணி வெயிலில் உலர்ந்தாலே கோணம் மாறிவிடும். வெளிநாட்டுத் தரையில் ஆடப்போகும் அணி சில நாள் முன்னதாகவே போய் உருட்டிப் பார்க்க விரும்புவது இதற்காகத்தான்.

கை என்ன கற்கிறது

முதல் நாள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பந்தின் இரு பக்கமும் வளையம் பொறித்திருக்கும். சின்ன வளையம் கோட்டத்தின் பக்கம், பெரிய வளையம் எதிர்ப்பக்கம். வலக்கையால் வலப்புறமாக விலக்கி விடுகிறீர்கள் என்றால் சின்ன வளையம் இடப்பக்கம், உள்ளே பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் பந்து விலகிய பக்கமே மேலும் விலகி அடுத்தவர் ஆட்டத்துக்குள் புகுந்துவிடும். அனுபவசாலிகளும் அசந்த நேரத்தில் இதைச் செய்வதுண்டு. அப்போது எழும் சிரிப்பை எந்த ஊர்த் தரையிலும் கேட்கலாம்.

அடுத்தது, பந்தை எறியக் கூடாது, இறக்கிவைக்க வேண்டும். ஒரு காலைச் சின்ன விரிப்பின்மேல் ஊன்றி, மறுகாலை விடும் திசையில் முன்வைத்து, முழங்கால் மடக்கி, கை ஊசல்போல் பின்போய் முன்வரும்போது தரையை ஒட்டி விடுவிக்க வேண்டும். உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தால் பந்து குதிக்கும்; குதித்து ஆடிக்கொண்டே ஓடும் பந்தின் அச்சு நிலையாக இருக்காது, பாதையும் நம் கணக்குப்படி அமையாது. மணிக்கட்டைத் திருகுவதும் அதே கெடுதல்தான். சுழல்பந்து வீசிப் பழகியவர்களுக்கு இதை விடுவதே பெரும்பாடு. வளைக்கும் வேலையைப் பந்து பார்த்துக்கொள்ளும். கையின் வேலை தொந்தரவு செய்யாமல் இருப்பது.

மூன்றாவதுதான் கடினம். கண் குறியைப் பார்க்கக் கூடாது. பாதையின் தொடக்கக் கோட்டில் சில மீட்டர் முன்னால் புல்லில் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உருட்ட வேண்டும். கல்லெறிந்து மாங்காய் அடித்த நாளிலிருந்து அடிக்க வேண்டியதைப் பார் என்றே நம் கண்ணைப் பழக்கியிருக்கிறோம். குறியைப் பார்த்தால் கை தானாகக் குறிப்பக்கம் போகும், பந்து குறுக்கே வளைந்து மறுபக்கம் போய்விடும். ஆற்றைப் பார்த்துத்தான் போட வேண்டும். குளம் எங்கே என்று நினைவிருந்தால் போதும்.

விசை ஒன்றுதான் சொல்லிக்கொடுக்க முடியாதது. அதற்குப் பந்தைத் திரும்பத் திரும்ப உருட்ட வேண்டும், அவ்வளவே. அந்த நால்வரும் செய்தது அதைத்தான்.

சூளைக்குப் போன பந்து

இனி என் களிமண் பந்து. பட்டறையில் ஒரு கட்டி மண் வாங்கி, உள்ளங்கையில் உருட்டி, முடிந்தவரை உருண்டையாகப் பிடித்து ஜன்னலோரம் காயவைத்தேன். மறுநாள் பார்த்தால் வெயில் பட்ட பக்கம் சுருங்கி, அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. சுட்டெடுத்தபின் இன்னும் கோணல். சிமெண்டுத் தரையில் உருட்டினேன். அழகாக இடப்பக்கம் வளைந்து சுவரோரம் போய் நின்றது. எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் வார்ப்பு அச்சைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்னா சார், கோணிக்கிச்சேன்னு நாங்கல்லாம் தலையில கைய வெச்சுக்குவோம். நீங்க சிரிக்கிறீங்க?" என்றார். சூளையில் கோணினால் அவர்களுக்குக் கழிவு. எனக்கு அந்தக் கோணல்தான் சரக்கு.

பீங்கானுக்கும் இந்த விளையாட்டுக்கும் உண்மையிலேயே ஒரு பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், மழைக்காலத்தில் வீட்டு நடைகூடத்து விரிப்பின்மேல் ஆடுவதற்கென்று பளபளக்கும் மெருகு பூசிய, வண்ணக் கோடு போட்ட பீங்கான் பந்துகள் செய்தார்கள். குறிக்கு மட்டும் வெறும் வெள்ளைப் பந்து. இன்று அவை பழம்பொருள் சேகரிப்போர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. புல்தரைக்குப் பீங்கான் போகவில்லை. காரணம் நம் பட்டறைக்காரர்களுக்கே தெரியும். ஒன்றோடொன்று மோதினால் விளிம்பு தெறிக்கும். அதோடு, காய்ந்து சுட்டு முடிவதற்குள் பீங்கான் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சுருங்கும். அந்தச் சுருக்கம் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கோட்டம் கைவிட்டுப் போகும்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. விருத்தாசலத்தில் செராமிக் படிக்கிற மாணவர் யாராவது இதைப் படித்தால், ஒரு ஜோடிப் பந்து செய்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் விட்டத்தில் உள்ளே இடமில்லாமல் கெட்டியாகச் செய்தால் எடை 2 கிலோவைத் தாண்டிவிடும், விதி 1.59 கிலோவுக்கு மேல் விடாது. ஆகவே பொம்மைபோல் உள்ளே கூடாக வார்க்க வேண்டும். சுருக்கம் நூற்றுக்குப் 13 என்றால் வார்ப்பு அச்சின் விட்டம் 138 மில்லிமீட்டர். வார்த்த பந்தைத் தரையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எவ்வளவு வளைந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.